ஏளனம் போதும், சிகிச்சை வேண்டும்!

2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டன் பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை கிடைத்தது. பத்தாண்டுக் காலம் பிரிட்டனின் உதவிப் பிரதம மந்திரியாக இருந்து, அதற்கு முந்திய ஆண்டுதான் பதவியைவிட்டு இறங்கிய ஜான் பிரெஸ்காட், தமது சுயசரிதையில் ஒரு விஷயத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். பல ஆண்டுகளாகத் தாம் புலிமியா என்னும் வியாதியால் அவதிப்பட்டதாக அவர் கூறினார். அளவு கடந்து உண்பது, உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது, வெட்கத்தால் அதை மறைப்பது, மறுபடியும் உண்பது - இதுதான் அந்த வியாதி.

உடனே கேலி கிளம்பிற்று. அவர் பருத்த சரீரம் உடையவர். உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தவருக்கு இந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதே கேலியின் சாரம். செய்தி இங்கே வந்தபோது நம் காரியாலயத்திலும் சிரிப்பு எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. “தின்று கொழுத்தவனுக்கு இப்படியும் ஒரு நோயா!” என்று ஒரு தோழர் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தோம். பிரெஸ்காட் 2024 நவம்பர் 20ஆம் தேதி தமது 86ஆம் வயதில் காலமாகிவிட்டார். நாம் அன்று சிரித்தது தவறு என்பதை இனி அவரிடம் சொல்ல முடியாது. நம் வாசகர்களிடம் சொல்லலாம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

யார் இந்த பிரெஸ்காட்? ரயில்வே சிக்னல் தொழிலாளியின் மகன். பதினொரு வயதில் வைக்கும் பரீட்சையில் தேறாமல், பதினைந்து வயதில் பள்ளியைவிட்டு வெளியேறியவர். குனார்ட் கம்பெனியின் கப்பல்களில் பிரயாணிகளுக்கு உணவும் மதுவும் பரிமாறும் சிப்பந்தியாக வேலை பார்த்தவர். கப்பல் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து போராடியவர். 1966ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் கப்பல் தொழிலாளர்கள், வாரத்துக்கு 56 மணி நேர வேலையை 40 மணியாகக் குறைக்கக் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, நினைவிருக்கிறதா? ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சிதான். ஆயினும் அந்த சர்க்கார் அவசர நிலைமையைப் பிரகடனம் செய்தது. அந்தப் போராட்டத்தில் தொழிலாளர் பக்கத்து நியாயத்தை எடுத்துரைத்துப் பிரசுரம் எழுதியவர்களில் பிரெஸ்காட்டும் ஒருவர். 1970இல் ஹல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். அங்கே அவர் பேச எழுந்தால், எதிர்வரிசையில் இருந்த கன்சர்வேடிவ் கனவான்கள் சிலர், ஹோட்டல் சிப்பந்தியை அழைப்பதுபோல் மதுவுக்கு ஆர்டர் கொடுத்துக் கூச்சலிடுவது வழக்கம். சீமான்களின் நாகரிகம் அப்படிப்பட்டது!

பிற்காலத்தில் அவர் சென்ற பாதை வேறு. 2003இல் ஈராக் மீது படையெடுத்த மந்திரி சபையில் அவர் இரண்டாவது இடத்தில் இருந்தார். அந்த யுத்தம் சட்டவிரோதமானது என்று 2016இல்தான் ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கு தனியே இருக்கிறது; அதை நாம் தள்ளுபடி செய்யவில்லை. இங்கே பேசுவது அவருடைய வியாதியைப் பற்றி.

1980களில் கட்சிப் பொறுப்புகள் ஏறிய காலத்தில் இது தொடங்கிற்று என்று அவர் சொன்னார். பகலும் இரவும் வேலை. கோப்புகள், கூட்டங்கள், பிரயாணங்கள். மன இறுக்கத்துக்கு அவர் கண்ட மருந்து உணவு. வறுத்த உருளைக்கிழங்கு, சாக்லேட், மீன், இனிப்புப் பண்டங்கள், ஏன், டப்பாவில் அடைத்த கெட்டிப்பாலைக்கூட அப்படியே குடித்துத் தீர்ப்பார். பிறகு வாந்தி. வீட்டில் பண்டங்கள் மாயமாய் மறைவதையும் குளியலறையில் தெரிந்த அடையாளங்களையும் கொண்டு அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தார். அவர் வற்புறுத்திய பிறகே டாக்டரிடம் போனார். அந்த நிபுணரின் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் அனைவரும் இளம் பெண்கள். ஆண் அவர் ஒருவரே. நாடறிந்த முகம். கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருவர்கூடப் பத்திரிகைகளுக்குத் துப்புக் கொடுக்கவில்லை.

இனி வியாதியைப் பார்ப்போம்.

புலிமியா என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. எருதுப் பசி என்பது அதன் பொருள். நம் மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகையை வாட்டிய தீராப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். எருதானாலும் யானையானாலும், பெயர் வைத்தவர்கள் பசியைத்தான் பார்த்தார்கள். ஆனால் இன்று டாக்டர்கள் புலிமியா நெர்வோசா என்று சொல்லும் வியாதியில் பசி பாதிக் கதைதான். அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி வர்ணித்தவர் லண்டன் டாக்டர் ஜெரால்ட் ரஸ்ஸல். 1979ஆம் ஆண்டில், 30 நோயாளிகளைப் பரிசீலித்த பின் அவர் எழுதினார். நோயாளி குறுகிய நேரத்தில், நிறுத்த முடியாமல், ஏராளமாக உண்கிறார். பிறகு உடம்பு பருத்துவிடுமே என்ற திகில் பிடித்துக்கொள்கிறது. வாந்தி, பேதி மருந்து, முழுப் பட்டினி, மிதமிஞ்சிய தேகப்பயிற்சி - இவற்றில் ஏதோ ஒன்றால் ஈடுகட்டப் பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை வீதம் மூன்று மாதம் இப்படி நடந்து, தன் மதிப்பே தன் உடம்பின் எடையிலும் உருவிலும்தான் இருக்கிறது என்ற எண்ணமும் மனத்தில் வேரூன்றியிருந்தால், அது இந்த வியாதி என்று 2013 முதல் வைத்திய நூல்கள் வரையறுக்கின்றன.

இதில் முக்கியமானது ஒன்று உண்டு. பட்டினி கிடந்து எலும்புக்கூடாகிப் போகும் அனோரெக்ஸியா என்ற வியாதியைக் கண்ணால் பார்த்தே சந்தேகிக்கலாம். புலிமியா நோயாளி அப்படியல்ல. பெரும்பாலும் சாதாரண எடையுடன் இருப்பார், பருமனாகவும் இருக்கலாம். ஏனெனில் வாந்தியெடுத்தாலும் உண்டதில் கணிசமான பகுதி உடம்பில் சேர்ந்துவிடுகிறது. பேதி மருந்தோ பெருங்குடலில் வேலை செய்வது. உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். போவது தண்ணீரும் உப்புகளும்தான். ஆகவே பிரெஸ்காட்டின் உடம்பைக் காட்டிச் சிரித்தவர்கள், நாம் உள்பட, வியாதியின் அரிச்சுவடியைக்கூட அறியாமல் சிரித்தோம்.

“அதெல்லாம் சரி, ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியற்றவர்கள் இருக்கும் நாட்டில், உண்டதை வாந்தியெடுப்பவனைப் பற்றித் தலையங்கமா?” என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்வோம்: இந்த வியாதிக்குப் பட்டினியோடு உறவு உண்டு.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். யுத்தத்தில் ஆயுதமெடுக்க மனச்சாட்சிப்படி மறுத்த இளைஞர்கள் 36 பேர், தாமாக முன்வந்து தங்கள் உடம்பை அதற்குக் கொடுத்தனர். ஐரோப்பாவில் பட்டினியால் நலிந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிவதே நோக்கம். அனைவரும் திடகாத்திரமானவர்கள், மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி. உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது.

அவர்களுடைய மனத்துக்கு என்ன நேர்ந்தது? அரசியல் பேசிக்கொண்டிருந்தவர்கள் சோற்றைப் பற்றியே பேசலானார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். பெண்களைப் பற்றிய எண்ணம்கூட அற்றுப்போயிற்று. கட்டுப்பாட்டை மீறிச் சிலர் கண்டதையெல்லாம் தின்றார்கள், பிறகு குற்ற உணர்வால் குன்றிப் போனார்கள், வாந்தியெடுத்தவரும் உண்டு. பரிசோதனை முடிந்து தாராளமாக உண்ணலாம் என்று விட்ட பிறகும் பலருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வயிறு வெடிக்கும் அளவுக்கு உண்டும் பசி தீரவில்லை என்றார்கள். ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரைப்பையைக் கழுவ வேண்டி வந்தது.

இவர்கள் கொழுத்த சீமான்கள் அல்ல, பலவீனர்களும் அல்ல. ஒரு கொள்கைக்காகப் பட்டினியை ஏற்றவர்கள். மன உறுதி இல்லாததால் தின்கிறான் என்று சொல்பவர்கள் இந்த 36 பேரின் வரலாற்றைப் படிக்க வேண்டும். உடம்பைப் பட்டினி போட்டால் உடம்பு திருப்பி அடிக்கும். எந்தக் கொள்கையும் அதைத் தடுத்துவிடாது.

புலிமியா நோயாளிகளில் பெரும்பாலோர் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. மெலிய வேண்டுமென்று டயட் என்ற பெயரில் கடும் பத்தியம். காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் ஒரு பழம். மாலையில் உடம்பு கிளர்ந்தெழுகிறது, ஒரு வாய் உண்டால் பத்தியம் முறிந்ததாக நினைத்து, இனி எதற்குக் கட்டுப்பாடு என்று வெறிகொண்டு உண்பது, பிறகு பயம், வாந்தி, வயிறு காலி, மறுநாள் இன்னும் கடுமையான பத்தியம். செக்குமாடு சுற்றுவதுபோல் இந்த வட்டம் ஆண்டுக்கணக்கில் ஓடும். பிரெஸ்காட்டைப்போல் மன இறுக்கத்தின் வாசல் வழியாக நுழைந்தவர்களும் உண்டு. எந்த வாசல் வழியாக வந்தாலும், உள்ளே வந்தபின் வெறுமையான வயிறும் வெட்கமும்தான் வட்டத்தைச் சுழலவைக்கின்றன.

மெலிய வேண்டும் என்ற வெறி எங்கிருந்து வருகிறது? பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவில் நன்றாக உண்டு பூரித்த உடம்பே மதிப்புக்குரியதாக இருந்தது. வீட்டுக்கு வந்தவரை “உண்டுவிட்டுப் போ” என்று உபசரிக்கும் மக்கள் அவர்கள். 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் அந்த ஆண்டு அங்கே 63 பள்ளி மாணவிகளை விசாரித்தார். எடையைக் குறைக்க வாந்தியெடுப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மூன்றாண்டு கழித்து, 1998இல், அதே வயதுள்ள 65 மாணவிகளை விசாரித்தபோது 11.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். தொலைக்காட்சியில் வரும் மெல்லிய பெண்களைப்போல் ஆகவேண்டும், அப்போதுதான் நல்ல வேலை கிடைக்கும் என்று சில பெண்கள் கூறினார்களாம். இது சிறிய ஆராய்ச்சிதான். இதை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது. பிறவிக் கூறுகளுக்கும் இந்த வியாதியில் பங்கு உண்டென்று விஞ்ஞானம் சொல்கிறது. ஆனால் உன் உடம்பு சரியில்லை என்று முதலில் நம்பவைத்து, பிறகு அதைச் சரிசெய்யப் பொடியும் மாத்திரையும் விற்கும் வியாபாரம் ஒன்று நடக்கிறது என்பதைக் கண்டுகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. நம் தெருவிலுள்ள மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியே போதும்.

இந்த வியாதி உயிரையும் வாங்கும். வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியம் என்னும் உப்பு உடம்பிலிருந்து வெளியேறுகிறது. இருதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கு அது அவசியம். அது குறைந்தால், வெளியே ஆரோக்கியமாகத் தோன்றுபவரின் இருதயம் திடீரென்று தாளம் தவறி நின்றுவிடக்கூடும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். இரைப்பை அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைத் தின்றுவிடுகிறது; ஆகவே பல் டாக்டரே முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. வாந்தியெடுத்தவுடன் பல் துலக்கக்கூடாது, தண்ணீரால் கொப்பளிப்பதே நல்லது என்பதைப் பலர் அறிவதில்லை. காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிக் கன்னம் உப்பும். விரல் கணுக்களில் தழும்பு ஏறும்; ரஸ்ஸல் குறிப்பிட்ட அடையாளம் இது; அவர் பெயராலேயே வழங்குகிறது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம் - இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த வியாதிக்குச் சிகிச்சை இருக்கிறது. முதன்முதலாக அதற்கு வழி வகுத்தவர்களில் ஆக்ஸ்போர்டு டாக்டர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் முக்கியமானவர். 1980களிலிருந்து அவர் உருவாக்கிய முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. ஏறத்தாழ இருபது வாரங்கள், இருபது சந்திப்புகள். முதல் வேலை, நோயாளியை ஒழுங்காக உண்ண வைப்பது! மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறு தீனி. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடக்கூடாது. எது உண்டோம், எப்போது, எந்த மனநிலையில் என்பதை உடனுக்குடன் நோட்டில் எழுத வேண்டும். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவை மட்டுமே. வட்டம் தளர்ந்த பிறகு, இதைத் தொடக்கூடாது, அதைத் தின்னக்கூடாது என்ற இரும்பு விதிகளையும், தராசு முள்ளில் தன் மதிப்பைத் தேடும் எண்ணத்தையும் ஒவ்வொன்றாக விவாதித்துத் தளர்த்துகிறார்கள். வாந்தியை நிறுத்து என்று உபதேசிப்பதில் அல்ல, வேளைக்குச் சோறு உண்பதில் சிகிச்சை தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது எவ்வளவு பயன் தருகிறது? டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் 70 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து மாதத்தில் மேற்சொன்ன இருபது சந்திப்புகள். மற்றொரு பிரிவுக்கு, வாரந்தோறும் இரண்டு ஆண்டுகள், ஆழ்மனத்தைத் துருவும் மனோபகுப்புச் சிகிச்சை. ஐந்து மாத முடிவில் வெறித்தீனியும் வாந்தியும் அறவே நின்றவர்கள் முதல் பிரிவில் 42 சதவீதம், இரண்டாவதில் 6 சதவீதம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முறையே 44, 15. 2014இல் இதை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள் மனோபகுப்பு முறையின் பக்கம் நின்றவர்கள். ஆயினும் முடிவை மறைக்கவில்லை. இந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். அதே சமயம், சிறந்த சிகிச்சையிலும் பாதிப்பேருக்குமேல் முற்றாக விடுபடவில்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. ஒருமுறை பலிக்காவிட்டால் கைவிடக்கூடாது. வேறு முறைகளும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தாய் தகப்பனையும் சேர்த்து நடத்தும் குடும்பச் சிகிச்சையை முதலில் தரவேண்டுமென 2017ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வைத்திய வழிகாட்டி கூறுகிறது.

மருந்தும் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை, வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 60 மில்லிகிராம் அளவில் பயன் தருவதாக 1992இல் வெளியான, 387 பெண்களைக் கொண்ட ஆராய்ச்சி காட்டிற்று. டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. மருந்து மட்டும் போதாது என்பதும் அந்த வழிகாட்டியின் முடிவு.

இங்கே நிலைமை என்ன? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. சர்க்கார் நடத்தும் மனநல சிகிச்சையைப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டென்று அது கூறுகிறது. உடல் நோய்க்குப்போல மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முன் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பலவித மனநோய்களில் சிகிச்சை கிட்டாதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை என்று கண்டது. இந்தப் பள்ளத்தைச் சட்டத்தின் எழுத்து மட்டும் தூர்த்துவிடாது. இருபது வாரம் ஒரே நோயாளியோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டிப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். நிரந்தர வேலை வேண்டும்.

வீடுகளில் செய்யக்கூடியதும் உண்டு. மகள் சாப்பிட்டவுடன் தவறாமல் எழுந்து குளியலறைக்குப் போகிறாள் என்று தெரிந்தால், கதவருகே காவல் நிற்காதீர்கள், அடுக்களையைப் பூட்டாதீர்கள், நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். தனியே அழைத்து, பயத்தை அகற்றி, டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். மகனாக இருந்தாலும் அப்படியே. இளைத்துவிட்டாய், அழகாயிருக்கிறாய் என்று சொல்லும் வழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். கட்சி, சங்கக் காரியாலயங்களில் இரவு பதினொரு மணி வரை டீயில் காலம் தள்ளிவிட்டு, பிறகு கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொள்வதைத் தியாகமென்று நினைக்கும் முழுநேர ஊழியர்களுக்கும் - நமக்கும் - இதில் பாடம் இருக்கிறது. கூட்டம் எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் சாப்பாட்டு வேளைக்கு நிறுத்த வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கோருவது இது: ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும், பல் வைத்தியப் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் உள்ள டாக்டர்களுக்கு இந்த வியாதியின் அடையாளங்களைச் சொல்லித்தர வேண்டும், வருகிறவர் பெயர் வெளியே போகாதபடி தனி அறையில் விசாரிக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கக் கோரி, தொழிற்சங்கங்களும் மாதர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் இப்போதே மகஜர் கொடுக்கத் தொடங்கட்டும்.